பாங்கோசையும் ஒலிவாங்கியும் – ஒரு வரலாற்றுப் பார்வை

 

எந்த ஊர் ஜமாஅத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தாலும், செலவுக் கணக்குப் பக்கத்தில் மின்கட்டணத்திற்கும் வெள்ளையடிப்புக்கும் இடையில் ‘மைக் செட் பழுது பார்த்த வகையில்’ என்றொரு வரி இருக்கும். யாரும் அதைக் குறித்துக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. மார்க்க அறிஞர்களின் நெடிய ஆய்வு இருக்கிறது. உயர்நீதிமன்றங்களின், உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகள் இருக்கின்றன. கையில் ஏந்திப் பேசும் கம்பியில்லா ஒலிவாங்கி, அதாவது நம் மக்கள் ‘கார்ட்லெஸ் மைக்’ என்றழைக்கும் கருவி, இன்று சிற்றூர்ப் பள்ளிவாசல்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதை எப்படிப் பொருத்துவது, எப்படிக் கையாள்வது என்று நம் இளைஞர்கள் வினவுகிறார்கள். அதற்கு விடை கூறுமுன் அது வந்த வழியையும் சொல்லிவிடுவது நலமெனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

மதீனாவில் பாங்கு ஏற்படுத்தப்பட்ட நாளிலேயே குரலின் வலிமை கருத்தில் கொள்ளப்பட்டது. பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். ஆயினும் அதனை உரக்க எடுத்துச் சொல்லும் பொறுப்பை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலாலின் குரல் வளம் மிக்கது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. பள்ளியைச் சூழ்ந்திருந்த வீடுகளில் பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவரின் வீடே உயரமானது. அதன் கூரைமீது ஏறி அவர்கள் ஃபஜ்ருடைய பாங்கைச் சொல்லி வந்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மக்கள்தொகை பெருகிய உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஜும்ஆ நாளில் ஸவ்ரா என்னுமிடத்தில் கூடுதலாக ஓர் அழைப்பு விடுக்க ஏற்பாடு செய்யப்பட்டதை ஸஹீஹுல் புகாரி தெரிவிக்கிறது. நல்ல குரல், உயரமான இடம், தேவைப்பட்டால் இன்னோர் அழைப்பு என்ற இம்மூன்றையும் கொண்டே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சமுதாயம் தொழுகைக்குக் கூடியது. மினாராக்கள் எழுந்ததும் இரண்டாவது வழியின் தொடர்ச்சியே.

தொழுகையின் உள்ளேயும் இத்தேவை இருந்தது. நபியவர்கள் நோயுற்று அமர்ந்த நிலையில் தொழுவித்தபோது, அவர்களின் தக்பீரை அபூபக்ர் (ரலி) அவர்கள் பின்னிருந்தோருக்குக் கேட்கச் செய்தார்கள். ‘முகப்பிர்’ என்னும் வழக்கத்திற்கு அதுவே ஆதாரம். பெரிய பள்ளிகளில் இமாமின் தக்பீரை நடு ஸஃப்பிலிருந்து ஒருவர் எடுத்துச் சொல்ல, கடைசி ஸஃப்பில் இருப்பவர் அதைக் கேட்டு ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் செல்வார். துருக்கிய உஸ்மானியர் கட்டிய பெரும் பள்ளிகளில் இப்பணிக்கெனத் தூண்களின்மேல் தனி மேடையே அமைத்தார்கள்.

நம் தமிழகத்தில் இவற்றோடு நகராவும் சேர்ந்துகொண்டது. தொழுகை நேரத்தை அறிவிக்கவும், நோன்பு திறக்கும் நேரத்தை உணர்த்தவும் பள்ளியின் முகப்பில் நகரா முழங்கியதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ரமளானில் ஸஹர் நேரத்தில் பக்கீர்மார்கள் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக எழுப்பி வருவார்கள். அவர்களுக்கு வீட்டுக்கு வீடு கிடைத்த அரிசியும் காசும் பெருநாள் வரையிலான வருவாய். ஒலிபெருக்கி வந்தபின் அந்தத் தொழில் பெரும்பாலான ஊர்களில் மங்கிப்போயிற்று. கருவி ஒன்று வரும்போது பயன் கூடுவதைக் கணக்கிடும் நாம், அதனால் வாழ்விழந்தவரைக் கணக்கில் எழுதுவதில்லை.

கச்சிராயபாளையம் போன்ற மலையடிவார ஊருக்கு வெறுங்குரலின் எல்லை நன்கு தெரியும். மேற்கே கல்வராயன் மலை. அருகே கோமுகி அணை. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும் நெல்லும். ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து நிற்கும் கரும்புத் தோட்டத்துக்குள் வேலை செய்பவருக்கு ஊருக்குள் எழும் வெறுங்குரல் எட்டுவது அரிது. ஒலிபெருக்கியின் அருமையை நகரத்தாரைவிட இத்தகைய ஊரார் நன்கு உணர்வார்கள்.

மேலைநாட்டில் ஒலிபெருக்கி உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹாம் என்னும் இருவர் 1915-ஆம் ஆண்டு ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் மேக்னவாக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1919 செப்டம்பரில் சான் டியேகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் சுமார் 50,000 பேர் கூடிய திடலில் அக்கருவியின் துணையுடன் உரையாற்றினார். பல்லாயிரம் பேர் கூடிய திறந்தவெளியில் ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல் பேச முடியும் என்று உலகம் அறிந்துகொண்டது. நம் நாட்டில் விடுதலைப் போராட்டக் கூட்டங்களே ஒலிபெருக்கிக்கு வழி திறந்தன. மோட்வானி குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் ஒலிவாங்கியின்மேல் அப்பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1940-இல் தில்லியில் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் பெருக்கிகள் பின்னாளில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கல்யாண வீடு என்ற வேறுபாடின்றி எல்லா இடங்களிலும் அமர்ந்துகொண்டன.

பள்ளிவாசலின் பாங்குக்கு ஒலிபெருக்கி பயன்பட்ட தொடக்க கால நிகழ்வுகளில் தெளிவாகப் பதிவாகியுள்ளது சிங்கப்பூர் சுல்தான் பள்ளியின் நிகழ்வாகும். தமிழ் முஸ்லிம்களுக்கு அப்பள்ளி அந்நியமானதன்று. மலாய், ஜாவா, பூகிஸ், அரபு, வட இந்தியர் ஆகியோருடன் தமிழ் முஸ்லிம்களுக்கும் அதன் அறங்காவலர் குழுவில் சமமான இடம் தரப்பட்டிருந்தது. கம்போங் கிளாமில் பழைய பள்ளி இருந்த இடத்தில் 1920-களில் எழுப்பப்பட்ட அப்பேரவைக் கட்டடத்தில் 1936-ஆம் ஆண்டு ஒலிபெருக்கி பொருத்தப்பட்டது. பாங்கோசை ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும் என்று அன்றைய ஆங்கில நாளேடு வியந்து எழுதியது. தயக்கம் காட்டியோரும் இருந்தனர், ஆதரவே மேலோங்கிற்று.

அதே சிங்கப்பூரில் நாற்பதாண்டுகளுக்குள் நிலைமை மாறியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கம்பத்து வீடுகள் அகற்றப்பட்டு, பல இன மக்களும் கலந்து வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பள்ளியைச் சுற்றி வாழ்ந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் என்ற நிலை மறைந்தது. 1970-களில் ஒலிபெருக்கிகள் பள்ளியின் உட்புறம் நோக்கித் திருப்பப்பட்டன. ஐந்து நேரத்துப் பாங்கும் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அழைப்பு நின்றுவிடவில்லை; அது செல்லும் வழி மாறிற்று. தெருவழியே சென்றது வானலை வழியே வீட்டுக்குள் சென்றது.

பாங்குக்கு ஒலிபெருக்கி வைப்பதில் உலமாக்களுக்குப் பெரிய சிக்கல் இருக்கவில்லை. அறிவிப்பே அதன் நோக்கம். தொழுகைக்குள் அதைப் பயன்படுத்தலாமா என்பதில்தான் கடும் ஆய்வு நிகழ்ந்தது. இன்றைய இளைஞர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். பழமை விரும்பிகளின் பிடிவாதம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமன்று. அவர்கள் எழுப்பிய வினா கூர்மையானது: ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை இமாமின் குரல்தானா, அல்லது அக்குரலைக் கேட்டுக் கருவி எழுப்பும் வேறொரு ஓசையா?

இவ்வினாவின் பின்னணியை விளக்குவோம். தொழுகையில் இருப்பவர், தொழுகைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் ஏவலைக் கேட்டுச் செயல்பட்டால் அவரது தொழுகை முறிந்துவிடும் என்பது ஹனஃபீ சட்ட நூல்களின் நிலை. முகப்பிர் தொழுகைக்குள் இருப்பவர். எனவே அவரைக் கேட்டு ருகூவுக்குச் செல்லலாம். கருவியோ தொழுவதில்லை. மேலும், ஸஜ்தா வசனத்தை ஓதுபவரின் குரலை நேரே கேட்டால் கேட்டவர்மீது ஸஜ்தா கடமையாகும். அக்குரல் மலையில் மோதித் திரும்பிய எதிரொலியைக் கேட்டால் கடமையாகாது என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. கல்வராயன் மலையடியில் வாழும் நமக்கு எதிரொலி இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. ஆக, ஒலிபெருக்கியின் ஓசை எதிரொலி வகையைச் சேர்ந்ததென்றால், அதை மட்டும் கேட்டு ஸஜ்தாவுக்குச் சென்ற கடைசி ஸஃப்பினரின் தொழுகை என்னாவது? ஓர் ஊரே கூடும் ஜும்ஆவும் பெருநாள் தொழுகையும் செல்லுமா செல்லாதா என்பது இந்த விடையைப் பொறுத்திருந்தது.

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் (மறைவு 1943) இவ்வினாவை எதிர்கொண்டபோது அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்டுப் பெற்ற பிறகே முடிவு கூறினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தொழுகையில் அக்கருவியை அவர்கள் அனுமதிக்கவில்லை. அவர்களின் வழிவந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இப்பொருளில் தனி நூலே எழுதினார்கள். தொடக்கத்தில் அவர்களும் கூடாதென்றே கருதினார்கள். பின்னர் ஒலியியல் அறிந்தோரிடமிருந்து மேலும் விளக்கங்களைப் பெற்று ஆராய்ந்து, ஒலிபெருக்கியில் கேட்பது பேசுபவரின் குரலே, அது வலுவூட்டப்பட்டு வருகிறது என்ற பக்கம் சாய்ந்து, அதைக் கேட்டுத் தொழுதவரின் தொழுகை செல்லும் என்று தம் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டார்கள். தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தாமலிருப்பதே சிறந்தது என்ற எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். பெரும் அறிஞர் ஒருவர் துறை வல்லுநரின் சொல் கேட்டுத் தம் ஃபத்வாவை மாற்றி எழுதியது நம் கல்வி மரபின் பெருமைகளில் ஒன்றென்றே நாம் மதிக்கிறோம்.

கருவியின் உள்ளே நிகழ்வதென்ன என்று பார்த்தால், இருதரப்பின் வாதத்திற்கும் இடமிருந்தது புரியும். ஒலிவாங்கியின் வலைத்தலைக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. குரலால் அது அதிர்கிறது. சவ்வோடு ஒட்டிய நுண்கம்பிச் சுருள் காந்தத்தின் இடையே அசைய, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. பெருக்கி அதைப் பல்லாயிரம் மடங்கு வலுப்படுத்துகிறது. ஒலிபெருக்கியில் அதே அமைப்பு தலைகீழாக இயங்கி, மின்னோட்டம் சுருளை அசைக்க, சவ்வு காற்றை அதிரச் செய்கிறது. காற்றின் அதிர்வு புதிது; அதன் வடிவம் இமாமின் குரலுக்கு உரியது. இமாம் வாய் மூடினால் கருவியும் மௌனமாகிவிடும். எதிரொலியைப்போல் சற்றுப் பிந்தித் தானாக ஒலிப்பதில்லை.

ஒலிபெருக்கியைச் சுற்றி எழுந்த அடுத்த வினா அண்டை வீட்டாரின் உரிமை பற்றியது. 1996-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், பிறர் கேட்க விரும்பாததை ஒலிபெருக்கி வழியே அவர்கள் காதில் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்னும் கருத்தில் கட்டுப்பாடுகளை விதித்தது. பாங்கு இஸ்லாத்தின் இன்றியமையாத அங்கம், ஆனால் ஒலிபெருக்கி அவ்வாறன்று என்று அதே நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்தியது. 2000 பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நம் சென்னையின் மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்த ஒரு கிறித்தவச் சபைக்கும் அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கத்திற்கும் இடையே எழுந்த வழக்கில் பிறந்ததாகும். பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வழியாகவோ முரசறைந்தோ வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். வழக்கில் நின்றவர் சபையார் என்றாலும் தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது.

அவ்விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது ஒலி அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றிப் பகலிலும் வைக்கலாகாது. நம் பகுதியில் ஃபஜ்ருடைய பாங்கு ஆண்டு முழுவதும் 6 மணிக்கு முன்னரே வந்துவிடுகிறது என்பதை நிர்வாகிகள் மனத்தில் கொள்ள வேண்டும். 2022 மே மாதம் கர்நாடகத்தில் இவ்விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, அங்குள்ள உலமாக்கள் கூடி, ஃபஜ்ருடைய பாங்கை ஒலிபெருக்கியின்றிச் சொல்ல முடிவெடுத்தார்கள். 2020 மே மாதம், ஊரடங்குக் காலத்தில், அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒலிபெருக்கியின்றி மனிதக் குரலால் பாங்கு சொல்வதைத் தடுக்க முடியாது என்று கூறியதையும் நினைவிற்கொள்வோம். 2023 நவம்பரில் குஜராத் உயர்நீதிமன்றம், ஒரு நாளில் சில நிமிடங்கள் ஒலிக்கும் பாங்கோசையால் ஒலி மாசு ஏற்படுகிறதென்ற மனுவைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை.

முஸ்லிம் நாடுகளிலும் இதே சிந்தனை உண்டு. இந்தோனேசியா 1978-லேயே பள்ளி ஒலிபெருக்கிகளுக்கு நெறிமுறை வகுத்தது. சவூதி அரேபியா 2021 மே மாதம் வெளி ஒலிபெருக்கியைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும் உரியதாக்கி, அதன் அளவையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் வாழக்காட்டில் பல பள்ளிகளின் நிர்வாகிகள் 2017-இல் கூடிப் பேசி, ஒரு பள்ளியில் மட்டும் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லவும் மற்றவற்றில் குரலால் சொல்லவும் இசைந்தார்கள். அந்த முடிவு வழக்கு மன்றத்தில் பிறந்ததன்று. ஊரார் தாமாகக் கூடி எடுத்தது.

இனிக் கம்பியில்லா ஒலிவாங்கிக்கு வருவோம். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1949-இல் பனித்தரையில் சறுக்கியபடி நடித்த ‘அலாவுத்தீன்’ நாடகத்திற்காக ரெஜ் மூர்ஸ் என்பவர் அமைத்ததே முதலாவது என்பர். சறுக்கி ஓடும் நடிகருக்குப் பின்னால் கம்பியை இழுத்துச் செல்ல முடியாதல்லவா! 1953-இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் ‘வேகபாண்டு’, அதாவது நாடோடி, என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது எட்டிய பரப்பு சுமார் 700 சதுர அடிதான். ஜெர்மனியில் இன்று சென்ஹைசர் எனப்படும் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் வானொலி நிலையத்தாருடன் இணைந்து இதனை மேம்படுத்தியது. இரைச்சலை அடக்க, அனுப்பும் முன் குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி, வாங்கியபின் விரிக்கும் உத்தி 1970-களில் வந்தது. அதன் பிறகே இக்கருவி சாதாரணக் கூட்டங்களுக்கு ஏற்றதாயிற்று.

இதில் இரண்டு பாகங்கள். கையில் ஏந்துவது குரலை வானலையில் ஏற்றி அனுப்பும் சிறு ஒலிபரப்பி. அதன் ஆற்றல் பெரும்பாலும் 10 மில்லிவாட் அளவே. பெருக்கியின் அருகே இருப்பது அதை வாங்கும் பெட்டி. கடையில் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் கைபேசிச் சேவைக்கு விற்கப்பட்டுவிட்டது; அமெரிக்காவில் அப்பகுதியில் இயங்கும் ஒலிவாங்கிகள் 2010-லேயே தடை செய்யப்பட்டன. விலை மலிவென்று அந்த அலைவரிசையில் இயங்கும் பழைய செட்டுகளை வாங்கினால் கைபேசிக் கோபுரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கியதாகும். ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிவாங்கிகளை இயக்கவும் கூடாது. பண்பலைப் பெட்டி இரண்டில் வலுவானதையே பிடித்துக்கொள்ளும். இரண்டு செட் வாங்குவோர் வெவ்வேறு எண் கொண்டவையாகக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளதை வாங்க வேண்டும்.

வாங்கும் பெட்டியை இரும்பு பீரோவுக்குள் பூட்டி வைப்பது நம் பள்ளிகளில் காணப்படும் பெருந்தவறு. திருட்டுக்கு அஞ்சிச் செய்வதுதான்; ஆனால் இரும்பு வானலையைத் தடுத்துவிடும். மிஹ்ராபும் மிம்பரும் கண்ணுக்குத் தெரியும்படி, இடுப்பளவுக்கு மேல் உயரத்தில், மரப்பலகையின்மேல் அமைத்து, இரண்டு ஏரியல்களையும் கைகளை விரித்தாற்போல் சாய்த்து நிறுத்த வேண்டும். இரண்டு ஏரியல் ஏனெனில், அலைகள் தூணிலும் கிராதியிலும் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் புள்ளிகள் எந்த மண்டபத்திலும் உண்டு. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர். பேசுபவர் ஓரடி நகர்ந்தால் ஓசை அறுந்து, இன்னும் ஓரடி நகர்ந்தால் திரும்பி வருவது இதனால்தான். ஓர் ஏரியல் இழந்ததை மற்றொன்று பிடித்துத் தரும்படி அமைந்த பெட்டிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவாகாது.

பேசும் முறையிலும் சில உண்டு. வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில், முகவாயை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பது நன்று. தூரம் இரு மடங்கானால் கிடைக்கும் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். அதை ஈடுகட்டப் பெருக்கியைத் திருகினால் ஊளையிடத் தொடங்கும். வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பது இன்றைய இளைஞர்களின் வழக்கமாகிவிட்டது. முன்புற ஓசையை மட்டும் வாங்கும்படி செய்யப்பட்ட தலையை மூடினால் அது எல்லாப் பக்கத்து ஓசையையும் வாங்கி ஊளைக்கு வழிவகுக்கும். அடிப்பகுதியைப் பொத்திப் பிடிப்பதும் தவறு. பலவற்றில் ஏரியல் அங்கேதான் இருக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் ஒலிவாங்கியோடு நடந்து செல்லலாகாது.

இயக்கும்போது கைக்கருவியை முதலில் உயிர்ப்பித்து, பிறகு பெருக்கியில் அதன் குமிழைத் திருகி ஓசையைக் கூட்ட வேண்டும். நிறுத்தும்போது குமிழை இறக்கிவிட்டுக் கைக்கருவியை அணைக்க வேண்டும். முறை மாறினால் இரைச்சல் வெடிக்கும். அருகிலுள்ள கல்யாண மண்டபத்தில் அதே அலைவரிசை ஓடிக்கொண்டிருந்தால் அவர்களின் பாட்டு நம் பள்ளியில் ஒலிக்கும் அபாயமும் உண்டு. பயான் முடிந்து கருவியை அணைக்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்து பேசினால் அப்பேச்சும் ஊருக்குக் கேட்டுவிடும். இதற்காகவே, மினாராவின்மேல் உள்ள ஹார்னுக்கும் உள்ளே தொங்கும் பெட்டிகளுக்கும் தனித்தனிச் சுவிட்சு அமைத்து, கார்ட்லெஸ் மைக்கை உள்பெட்டிகளோடு மட்டும் இணைப்பது நல்லது. ஹார்ன் பாங்குக்கு உரியதாக இருக்கட்டும். ஒரு மணி நேர பயானை ஊர் முழுவதற்கும் ஒலிக்கச் செய்வதால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் விளையும் தொல்லையை அண்டை வீட்டார் மரியாதை கருதி நம்மிடம் சொல்லாதிருக்கலாம்.

இக்கருவியால் விளைந்த பெரும் பயனாக நாம் கருதுவது நிகாஹ் மஜ்லிஸில் உள்ளது. முன்பெல்லாம் மணமகனின் ஒப்புதலை அருகிலிருந்த சாட்சிகளும் வக்கீலும் மட்டுமே கேட்டார்கள். திரைக்கு அப்பால் இருந்த மணமகளுக்கும் அவள் தாய்க்கும் பிறர் வந்து சொல்லித்தான் தெரியும். இன்று கைமைக்கை மணமகன் வாயருகே நீட்டினால், மஹர் தொகை எவ்வளவு என்பதும் அவர் ஏற்றுக்கொண்ட சொல்லும் பெண்கள் பகுதி வரை அட்சரம் பிசகாமல் கேட்கின்றன. பின்னாளில் மஹர் குறித்துத் தகராறு எழுந்தால் சாட்சிக்கு மண்டபமே இருக்கிறது.

தொழுகையில் கைகளை உயர்த்திக் கட்ட வேண்டியிருப்பதால் கைமைக் இமாமுக்கு ஏற்றதன்று. ஸ்டாண்டில் நிறுத்தியதோ சட்டையில் குத்தும் காலர் மைக்கோ போதும். பேட்டரியை நோன்புக் காலத்தில் தராவீஹுக்கு முன் நாள்தோறும் பார்த்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிய பின் இருபது ரக்அத்துக்கு அதை நம்பக் கூடாது. வாரக்கணக்கில் பயன்படாதபோது பேட்டரியைக் கழற்றி வைத்தால் கசிவினால் கருவி கெடாது. பெருநாள் திடலில் நடு ஸஃப்பில் குரல் வளமுள்ள ஒருவரை முகப்பிராக நிறுத்தும் வழக்கத்தை ஒலிபெருக்கி இருக்கிறதென்று கைவிட்டுவிடலாகாது. கூடுதல் தக்பீர்கள் சொல்லப்படும்போது மின்சாரம் நின்றுபோனால், பின்னிருக்கும் பத்து ஸஃப்புகளுக்கும் அவர் குரல்தான் போய்ச் சேர வேண்டும். அவர் யாரென்பதைத் தொழுகைக்கு முன்பே இமாமிடம் சொல்லி வைப்பது நிர்வாகிகளின் வேலை.